நெறி

காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் நெறி கட்டும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஆச்சி. கோவில்பட்டிக்கு மேற்கே கரிசல் காட்டில் செருப்பில்லாமல் ஓடித் திரிந்த வயது. வேலிக்கருவை முள் ஏறும், ஊக்கு வைத்து நோண்டி எடுப்பேன், மறுநாள் மறந்துபோவேன். மூன்றாம் நாள் நடையில் ஒரு சாய்வு வரும். "ஏலே, இங்க வா" என்று கூப்பிட்டு, டவுசரை ஒதுக்கி, இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பாள். புளியங்கொட்டை மாதிரி ஒன்று உருளும். தொட்டால் உயிர் போகும். "நெறி கட்டியிருக்கு. கால்ல என்னத்த மிதிச்ச?" அப்புறம் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம். நாலைந்து நாளில் கரைந்துவிடும். திருக்குறளில் வருகிற நெறிக்கும் என் தொடையிடுக்கு நெறிக்கும் என்ன சம்பந்தம் என்பது ஆறாம் வகுப்பு வரை எனக்குத் தீராத குழப்பம்.

ஆச்சிக்கு ஒரு கணக்கு இருந்தது. காலில் புண் என்றால் தொடையிடுக்கு. கையில் புண் என்றால் அக்குள். தலையில், பல்லில், தொண்டையில் கோளாறு என்றால் கழுத்து. எங்கே நெறி கட்டியிருக்கிறதோ அதை வைத்து எங்கே புண் என்று தேடுவாள். மருத்துவக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிற வரைபடமும் ஏறக்குறைய இதுதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ரத்தக்குழாய்களுக்குப் பக்கத்திலேயே உடம்பு முழுக்க இன்னொரு வாய்க்கால் ஓடுகிறது. ரத்தத்திலிருந்து கசிந்து சதைக்குள் நிற்கும் நீரை வாரிக்கொண்டு போய்க் கழுத்தடியில் மறுபடி ரத்தத்தில் விடுகிறது. அதுதான் நிணநீர். வழியில் 600 வாக்கில் சின்னச் சின்ன மடைகள். அவை நிணநீர்க் கணுக்கள். மடைக்கு மடை காவல் நிற்பவை லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள். கிருமி வந்தால் அவை பெருகி மல்லுக்கு நிற்கும், மடை வீங்கும். சண்டை முடிந்தால் கூட்டம் கலையும், வீக்கம் வடியும். கிருமி ஒன்றும் வராமலே அந்தக் காவல்காரர்களில் ஒருவன் புத்தி கெட்டுத் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டே போவதும் உண்டு. அதற்குப் பெயர் லிம்போமா.

இந்தப் பெயரை நான் முதலில் கேட்டது 1994-இல், எனக்குப் பதினேழு வயதில். அதற்கு முந்தின ஏழெட்டு மாதம் அது பெயரில்லாமலே எங்கள் வீட்டில் குடியிருந்தது.

அக்காவின் கழுத்தில் இருந்ததையும் முதலில் பார்த்தது ஆச்சிதான். அக்காவுக்கு முழங்கால் வரை முடி. பின்னிவிடுவது ஆச்சியின் வேலை. வேறு யாரையும் சீப்பைத் தொட விடமாட்டாள். இடது பக்கம், காறை எலும்புக்கு மேலே, விரலில் பட்டிருக்கிறது. "ஏட்டி, தொண்ட வலிக்கா? பல்லு கில்லு ஆடுதா?" ஒன்றும் இல்லை. தலையில் பேன் கடித்த புண்கூட இல்லை. அழுத்தினால் வலிக்கிறதா என்றால் அதுவும் இல்லை. ரப்பர் மாதிரி நழுவுகிறது. ஆச்சியின் கணக்கில் அது வராத நெறி. வலி இல்லாததால் அக்காவும் கவலைப்படவில்லை. அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. பி.காம். முடித்துவிட்டு டைப்ரைட்டிங் ஹையர் போய்க்கொண்டிருந்தாள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் சென்னையில் ஒரு ஸ்கேன் சென்டரில் காத்திருந்தபோது இந்த 'வலிக்கவில்லை' நினைவுக்கு வந்தது. என்னோடு வேலை பார்த்த நண்பர், வயது ஐம்பத்தெட்டு. பெல்ட்டில் மூன்று ஓட்டை உள்ளே போயிருந்தது. சர்க்கரைக்காகச் சோற்றைக் குறைத்ததால்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயிற்றுக்குள் கட்டி. ஊசி விட்டுத் திசு எடுத்துப் பெயர் வந்துவிட்டது: டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா. லிம்போமாக்களில் மிகச் சாதாரணமாக வருவது இந்த வகைதான். வேகமாக வளரும், வேகமாக வளர்வதாலேயே மருந்துக்கும் கேட்கும். பெட் ஸ்கேனுக்குக் காலையிலிருந்து பட்டினி. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் போட்டு, ஒரு போர்வையைக் கொடுத்து, இருட்டறையில் ஒரு மணி நேரம் சும்மா உட்காரச் சொன்னார்கள். பேசக் கூடாது, மெல்லக் கூடாது, போனை நோண்டக் கூடாது. வேலை செய்கிற தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், குளிரில் நடுங்கினாலும் இழுத்துக்கொள்ளும், படம் குழம்பிவிடும். புற்றுச் செல்லுக்கு இனிப்புப் பசி அதிகம். எங்கே சர்க்கரை போய்க் குவிகிறதோ அங்கே படத்தில் வெளிச்சம். "முப்பது வருஷம் சர்க்கரையைக் கண்டு ஓடினேன். இப்ப அவங்களே ஏத்துறாங்க" என்றார் நண்பர். அந்தச் சர்க்கரையில் ஒட்டியிருக்கும் ஃப்ளோரின் 110 நிமிடத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். அன்று சாயங்காலம் வரை பேத்தியைத் தூக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அவருக்கு அதுதான் பெரிய வருத்தம்.

ஒரே காலையில் கழுத்து முதல் தொடை வரை எங்கெங்கே என்று தெரிந்துவிட்டது. அக்காவுக்கு அது தெரிய எத்தனை நாள் ஆனது என்று அங்கே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் தொடக்க நாள் தெரியாது. பிற்பாடு சென்னை டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வியே அதுதான்: "எப்ப முதல்ல பாத்தீங்க?" ஆச்சி, சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குப் போய்வந்த மறுநாள் என்றாள். அம்மா, இல்லை சரஸ்வதி பூசைக்குத்தான் என்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவரிடம் யாரும் சொல்லவே இல்லை. அக்கா, "எனக்கே தெரியாது டாக்டர், அது எப்பவும் இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு" என்றாள்.

நடுவில் போன மாதங்கள் காசநோய்க்கு மருந்து சாப்பிட்ட மாதங்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து டாக்டர் ஒருவர் கழுத்தில் ஊசி விட்டு உறிஞ்சிப் பார்த்து, இது டி.பி. நெறிதான், ஆறு மாதம் மாத்திரை என்றார். அவரை நான் வெகுநாள் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். இப்போது அவ்வளவு கோபமில்லை. நம் நாட்டில் கழுத்து நெறியோடு வருகிறவர்களில் எத்தனையோ பேருக்கு அது காசநோய்தான். கண்டமாலை என்று தமிழில் அதற்குத் தனிப்பெயரே இருக்கும் அளவுக்குப் பழகின நோய். நான்கு மாத்திரைகளில் ஒன்று ரிஃபாம்பிசின். முதல் நாள் அக்கா கொல்லையிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தாள். சிறுநீர் ஃபாண்டா நிறத்தில் போகிறது என்று. அது மருந்தின் நிறம், பயப்படாதே என்று டாக்டர் முன்னாலேயே அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா வெட்கப்பட்டுக்கொண்டு மகளிடம் சொல்லவில்லை.

மாத்திரை தொடங்கியதும் கட்டி கொஞ்சம் வற்றியது. அதுதான் கெடுத்தது. லிம்போமாக் கட்டிகள் சில சமயம் தாமாகவே கொஞ்சம் வற்றும், மறுபடி வளரும். வற்றினதை மருந்தின் கணக்கில் எழுதிக்கொண்டோம். உடம்பு முழுக்க அரிப்பு வந்தது. வேப்பிலை அரைத்துப் பூசினாள் ஆச்சி. மார்கழி வந்தது. வாசலில் பனி, எல்லோரும் சுருண்டு படுத்திருக்கிறோம். நடுராத்திரி அக்கா எழுந்து பாவாடையைப் பிழிகிறாள். தலையணை உறை தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி. "மார்கழியில யாருக்குட்டி வேர்க்கும்?" என்று ஆச்சி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. ராத்திரி வேர்வை, காரணமில்லாத காய்ச்சல், ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு இறங்குவது: இந்த மூன்றையும் லிம்போமா டாக்டர்கள் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள், ஒன்று இருந்தாலும் நோயின் நிலைக்குப் பக்கத்தில் 'பி' என்று ஓர் எழுத்துச் சேரும். ஆச்சி கேள்வியைச் சரியாகத்தான் கேட்டாள். பதில் சொல்ல ஆளில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். லிம்போமாவில் இந்தப் பழமொழி செல்லாது. அக்காவுக்கு வந்த ஹாட்ஜ்கின் வகையில், வீங்கின கணுவில் உண்மையான புற்றுச் செல்கள் நூற்றுக்கு ஒன்றுதான் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. மிச்சமெல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடின நல்ல அணுக்கள். மெல்லிய ஊசி உறிஞ்சி எடுப்பது பெரும்பாலும் அந்தக் கூட்டத்தைத்தான். குற்றவாளி எங்கே உட்கார்ந்திருக்கிறான், சுற்றி யார் யார், எப்படி வரிசை கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் பானையையே இறக்க வேண்டும். கணுவை முழுசாக வெட்டி எடுத்து, மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சென்னையில் அதைத்தான் செய்தார்கள். கழுத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கீறல், நாலு தையல். அரை நாள் வேலை. அந்த அரை நாளை எட்டு மாதம் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது.

தாமஸ் ஹாட்ஜ்கின் லண்டனில் கைஸ் மருத்துவமனையில் பிணங்களை அறுத்துப் பார்த்துக் காட்சிச்சாலை நடத்தியவர். 1832-இல் ஏழு பேரின் கதையை எழுதினார்: கழுத்திலும் மார்பிலும் வயிற்றிலும் கணுக்கள் வீங்கி, மண்ணீரல் பெருத்து இறந்தவர்கள். இது புண்ணால் வந்த வீக்கம் இல்லை, காசநோய் மாதிரியும் இல்லை, கணுவிலேயே பிறந்த வேறொன்று என்று அவருக்குப் பட்டது. அந்தக் கட்டுரைக்கு நுண்ணோக்கி பயன்படவில்லை, வெறும் கண். மருத்துவச் சங்கத்தில் அவர் உறுப்பினர் இல்லை என்பதால் வேறொருவர்தான் அதை வாசித்தார். யாரும் கவனிக்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் கழித்து, அதே மருத்துவமனையின் சாமுவேல் வில்க்ஸ் தானும் அதே நோயைக் கண்டு, முன்னவர் எழுதியதைப் பார்த்து, 1865-இல் ஹாட்ஜ்கின் நோய் என்று பெயர் வைத்தார். அடுத்த வருடம் யாஃபாவில் ஹாட்ஜ்கின் இறந்துபோனார். 1926-இல், அவர் பாட்டிலில் போட்டு வைத்த சதைத் துண்டுகளை எடுத்துச் சீவிப் பார்த்தார்கள். ஏழு பேருக்கும் அதுதான் என்று இல்லை. ஆனால் சிலருக்கு அதேதான். நூறு வருடத்துக்குப் பக்கமாகப் பாட்டிலில் கிடந்த கணு, கேட்டால் பதில் சொல்கிறது! அக்காவின் கணுவும் எங்கோ ஒரு மெழுகுக் கட்டியில் இருக்கிறதா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

காசநோயோடு இதைக் குழப்பியது எங்கள் ஊர் டாக்டர் மட்டுமில்லை. 1898-இல் வியன்னாவில் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் அந்தப் பெரிய செல்லை விவரமாக வரைந்தார். வரைந்துவிட்டு, இது காசநோயின் ஒரு தினுசு என்று எழுதினார். 1902-இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டாரதி ரீட் என்ற இளம்பெண் அதே செல்லைத் தானும் வரைந்து, காசநோய் வேறு இது வேறு என்று பிரித்துக் காட்டினார். இரட்டைக் கரு, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பெரிய பொட்டு. ஆந்தை முழிக்கிற மாதிரி இருக்கும் என்பார்கள். ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் என்று இரண்டு பேர் பெயரையும் சேர்த்தே இன்றும் சொல்கிறார்கள். டாக்டரம்மா ஒரு காகிதத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அதை அப்பாவுக்கு வரைந்து காட்டினார். அப்பா அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஊரில் கேட்கிறவர்களுக்குக் காட்டுவதற்கு இல்லை. ஊரில் யாரிடமும் சொல்லவே இல்லை. "கிளாண்ட் ஆபரேசன்" என்பதோடு சரி.

ஆனாலும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. நெல்லை எக்ஸ்பிரஸில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை சென்னைக்குப் போனால் தெரியாமலா இருக்கும். "அடையாறா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். நாங்கள் போனது வேறு ஆஸ்பத்திரி. ஆனால் எங்கள் பக்கத்தில் அடையாறு என்பது ஊர்ப்பெயரே இல்லை, நோயின் பெயர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கிய இடம், நாற்பது வருடத்துக்குள் பேச்சு வழக்கில் அப்படியொரு சொல்லாகிவிட்டது.

நோய் எந்த மாடி வரை ஏறியிருக்கிறது என்று பார்க்கும் முறை 1971-இல் அமெரிக்காவில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் கூடி முடிவு செய்தது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம்தான் வரப்பு. ஒரே இடத்துக் கணு என்றால் முதல் நிலை. வரப்புக்கு ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று இடம் என்றால் இரண்டாம் நிலை, இரண்டு பக்கமும் என்றால் மூன்று, ஈரல், எலும்பு மஜ்ஜை என்று பரவியிருந்தால் நான்கு. அக்காவுக்குக் கழுத்தில் இரண்டு பக்கமும், மார்புக்கூட்டுக்குள்ளும். மார்கழி வேர்வையைச் சேர்த்து இரண்டு பி. மஜ்ஜையில் இருக்கிறதா என்று இடுப்பெலும்பில் ஊசி இறக்கினார்கள். பட்டதிலெல்லாம் அதுதான் கொடுமை என்பாள் அக்கா. வலிகூட இல்லையாம், உறிஞ்சும்போது, "உள்ள இருந்து யாரோ நம்மள உருவுற மாதிரி." மஜ்ஜையில் இல்லை.

"புற்றுநோய்ல ஒண்ணு எடுத்துக்கணும்னு என்கிட்ட சொன்னா நான் இதைத்தான் எடுத்துக்குவேன்மா" என்றார் டாக்டரம்மா, ஆறுதலுக்கு. "அப்ப எடுத்துக்கோங்க டாக்டர்" என்றாள் அக்கா. அம்மா அவள் தொடையில் கிள்ளினாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. 1960-கள் வரைக்கும் பரவிய ஹாட்ஜ்கின் என்றால் சாவுதான். அமெரிக்காவில் வின்சென்ட் டிவிட்டாவும் கூட்டாளிகளும் 1964-இல் நாலு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கத் துணிந்த பிறகு பாதிப் பேருக்கு மேல் பிழைத்தார்கள். ஆனால் அந்தச் சேர்க்கை பிழைத்தவர்களில் பலருக்குப் பிள்ளை பெறும் வழியை அடைத்தது. மிலானில் ஜான்னி பொனதோன்னா 1970-களில் வேறு நாலு மருந்தைச் சேர்த்தார். ஏ.பி.வி.டி. அதில் அந்தக் கேடு மிகக் குறைவு. அம்மா கேட்க நினைத்துக் கேட்க முடியாமல் தவித்த ஒரே கேள்விக்கு இத்தாலியிலிருந்து பதில் வந்திருந்தது. அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள்.

முதல் எழுத்து அட்ரியாமைசின். அட்ரியாட்டிக் கடலின் பெயர். தெற்கு இத்தாலியில் ஒரு பழைய கோட்டைப் பக்கத்து மண்ணில் எடுத்த நுண்ணுயிரின் வழி வந்தது. ரத்தச் சிவப்பு என்று சொல்ல முடியாது. கோவில்பட்டியில் சினிமாவுக்குப் போனால் வாங்கிக் குடிப்போமே, ரோஸ் மில்க், அதற்குப் பாலில்லாமல் ஊற்றும் எசன்ஸ் நிறம். பெரிய சிரிஞ்சில் நர்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து மெதுவாக ஏற்றுவார். நரம்புக்கு வெளியே சிந்தினால் சதை வெந்துபோகும். அன்றைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். "போன மருந்து ஃபாண்டா, இது ரோஸ் மில்க்கு" என்று அக்கா சொன்னதற்கு, அந்த வீட்டில் அந்த வருடத்தில் முதல் தடவையாக எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். அதற்கப்புறம் அவள் ரோஸ் மில்க் குடித்ததில்லை. கல்யாண வீட்டில் தட்டில் வைத்து நீட்டினால்கூட எழுந்து போய்விடுவாள். முப்பது வருடம் ஆகியும் நிறத்தைப் பார்த்ததும் குமட்டுகிறதாம். கடைசி எழுத்து டகார்பசின். வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் என்று பாட்டிலுக்குக் கறுப்புக் காகிதம் சுற்றித் தொங்கவிடுவார்கள். ஏறும்போது கை முழுக்கத் தீயாய் எரியும். பன்னிரண்டு தடவை. ஏழாவதுக்கு மேல் கையில் நரம்பு கிடைக்கவில்லை.

நடுவில் வருகிற வின்பிளாஸ்டினைப் பற்றி ஆச்சிக்குத் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியவில்லை. அது நித்தியகல்யாணிச் செடியில் எடுப்பது. ஆச்சி அதை அந்தப் பெயரில் சொல்லமாட்டாள். சுடுகாட்டு மல்லி என்பாள். தண்ணீர் ஊற்றாமலே வருடம் முழுக்கப் பூக்கிற செடி, ஆனால் வீட்டு வாசலில் வைக்கக் கூடாது, பிணத்துக்குத்தான் ஆகும். நான் ஒரு தடவை ஊதாப் பூவுக்கு ஆசைப்பட்டுப் பிடுங்கிவந்து நட்டதை வேரோடு பிடுங்கித் தெருவில் எறிந்தாள். 1950-களில் ஜமைக்காவில் இந்த இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஓர் உறை நிறைய இலை கனடாவுக்குப் போனது. அங்கே ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. வெள்ளை அணுக்கள் இறங்கின. வெள்ளை அணு பெருகித்தானே இந்த நோய்? 1958-இல் வின்பிளாஸ்டினைப் பிரித்துவிட்டார்கள். செல் இரண்டாகப் பிளக்கும்போது உள்ளே சில இழைகள் பாவு போட்ட மாதிரி ஓடி இரண்டு பக்கமும் இழுக்கும். அந்தப் பாவைக் கட்ட விடாது இந்த மருந்து. ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். இன்றைக்கு இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் அதைப் பயிராகவே போடுகிறார்கள். ஆச்சி எறிந்த செடி மூட்டை மூட்டையாக லாரியில் போகிறது.

மூன்றாவது ஊசிக்கப்புறம் முடி கொட்டத் தொடங்கியது. ஆச்சி சீப்பில் வந்ததையெல்லாம் சுருட்டி ஒரு மஞ்சப்பையில் சேர்த்தாள். சவுரி கட்டிவிடலாம், கல்யாணத்துக்கு ஆகும் என்று. ஒரு நாள் பை நிரம்பிவிட்டது. தலையில் ஒன்றும் மிச்சமில்லை. மறுபடி முளைத்தது சுருட்டை முடி. "யாரு தலைட்டி இது?" என்று ஆச்சி தடவிக்கொண்டே இருப்பாள். சவுரி கடைசி வரை கட்டவில்லை. அந்தப் பை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

நண்பருக்கு ஆறு சுற்று, இருபத்தொரு நாளுக்கு ஒன்று. சாப் என்ற பழைய நாலு மருந்தோடு ரிட்டுக்சிமாப் சேர்த்தது. அந்த நாலில் ஒன்றுக்கு விஷவாயுதான் பாட்டன். 1942-இல் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மன், கில்மன் இருவரும் போருக்காகக் கடுகு வாயுவை ஆராய்ந்தபோது, அதன் உறவான ஒரு பொருள் நிணக் கணுக்களைக் கரைப்பதைப் பார்த்து, கழுத்தும் தாடையும் வீங்கி மூச்சுத் திணறிய ஒரு நோயாளிக்கு ஏற்றினார்கள். ஜே.டி. என்ற இரண்டெழுத்து மட்டும் பதிவில் உண்டு. கட்டி வெண்ணெயாய் உருகியது, திரும்ப வந்தது, அந்த வருடக் கடைசியில் அவர் இறந்தார். போர் ரகசியம் என்பதால் 1946 வரை வெளியே சொல்லவில்லை. ரிட்டுக்சிமாப் வேறு சாதி. பி செல்லின் முதுகில் சிடி20 என்று ஒரு முளை உண்டு. அதை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் 1997-இல் வந்தது. பத்து வருடத்தில் நம் நாட்டிலேயே ஐதராபாத்தில் செய்யத் தொடங்கியதால் நண்பரைப் போன்ற ஆளுக்கும் எட்டுகிற விலைக்கு இறங்கியது. போடுவதற்கு முன் மஞ்சள் காமாலை பி கிருமி உள்ளே உறங்குகிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள். இந்த மருந்து அதை எழுப்பிவிடும். முதல் தடவை சொட்டுச் சொட்டாக, நாள் முழுக்க. ஒரு மணி நேரத்தில் நண்பருக்குக் குளிர் நடுக்கம். நிறுத்தி, ஊசி போட்டு, மறுபடி தொடங்கினார்கள். அவரைப் படுத்தியது அதைவிட ஐந்து நாள் சாப்பிடுகிற ஸ்டீராய்டு மாத்திரைதான். தூக்கமே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு வாட்ஸப் வரும்: புத்தக அலமாரியை அடுக்கி முடித்துவிட்டேன், உன்னிடம் இரவல் கொடுத்த மூன்று புத்தகம் எங்கே?

பாதிச் சுற்று முடிந்து மறுபடி பெட் ஸ்கேன். ரிப்போர்ட்டில் டோவில் மதிப்பெண் இரண்டு என்றிருந்தது. பிரான்சில் ஒரு கடற்கரை ஊர் டோவில். 2009-இல் டாக்டர்கள் அங்கே கூடி, ஐந்து படி அளவு ஒன்றை வகுத்தார்கள். கட்டி இருந்த இடத்து வெளிச்சத்தை ஈரலின் வெளிச்சத்தோடு ஒப்பிடுவது. ஈரலைத் தாண்டாமல் இருந்தால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். பரீட்சையில் குறைந்த மதிப்பெண்ணுக்கு ஒரு வீட்டில் பாயசம் வைத்து நான் சாப்பிட்டது அந்த ஒரு தடவைதான். அவருக்குக் கேட்காமல் போயிருந்தால் அடுத்து என்ன என்றும் விசாரித்து வைத்திருந்தேன். நோயாளியின் டி செல்லையே வெளியே எடுத்து, புற்றை அடையாளம் காணப் பழக்கி, திரும்ப ஏற்றுகிற கார்-டி சிகிச்சைக்கு மும்பையில் ஐஐடியும் டாடா மெமோரியலும் உருவாக்கியது 2023-இல் அனுமதி பெற்றது. அதற்கு அவசியம் வரவில்லை.

அக்காவுக்குப் பெட் கிடையாது. ஊசிகள் முடிந்து கழுத்துக்கும் மார்புக்கும் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். மை வைத்துக் கோடு போட்டிருப்பார்கள், அழியக் கூடாது என்று குளிக்கவே பயப்படுவாள். முடிந்ததா இல்லையா என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. மூன்று மாதம், ஆறு மாதம், வருடம் என்று தள்ளித் தள்ளி வரச் சொன்னார்கள், ஒரு கட்டத்தில் நாங்கள் எண்ணுவதை விட்டுவிட்டோம். விலை அவளிடம் இன்னும் தவணையில் வசூலாகிறது. கதிர் பட்ட தைராய்டு சோர்ந்துபோனதால் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ரோஸ் மில்க் மருந்து இதயத்தைத் தளர்த்தும் என்பதால் அவ்வப்போது எக்கோ. சின்ன வயதில் மார்பில் கதிர் பட்டவர்களுக்கு மார்பகப் புற்று வரும் வாய்ப்பு அதிகம் என்று வருடம் ஒரு மேமோகிராம். போவாள், எடுப்பாள், வருவாள். பேசமாட்டாள். தனியாக உட்கார்ந்து டிவி பார்க்கும்போது மட்டும் வலது கை தானாக இடது காறை எலும்புக்கு மேலே போய் அந்தத் தழும்பைச் சுற்றி அழுத்தி அழுத்திப் பார்க்கும். நான் பார்ப்பது தெரிந்தால் கையை எடுத்துவிடுவாள்.

போன மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தோம். என் மகளுக்குப் பத்து வயது. அக்கா திண்ணையில் உட்கார்த்தி வைத்து அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சீப்பு ஓடுகிற சத்தம் நின்றது. நிமிர்ந்தால், அக்காவின் இரண்டு விரல் பாப்பாவின் காதுக்குக் கீழே கழுத்தில்.

"வலிக்காட்டி?"

"ஆ, வலிக்குது அத்தை."

"சரி. வலிக்கட்டும்." வலித்தால் பெரும்பாலும் கிருமிச் சண்டை என்று அவளுக்குத் தெரியும், வலி இருப்பதாலேயே பயமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட முடியாது என்பதும் தெரியும். தொண்டையைத் திறந்து பார்த்தாள், கடைவாய்ப் பல்லைத் தட்டினாள், முடியை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் பேன் கடித்துச் சொறிந்த புண், பொருக்கோடு. "இந்தா இருக்கு முள்ளு" என்றாள். எனக்கு ஆச்சியே பேசின மாதிரி இருந்தது.

பின்னி முடித்துவிட்டு உள்ளே போய்த் தினசரிக் காலண்டர் முன்னால் நின்றாள். தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி, இருபத்தொன்றாவதன் மூலையை மடித்துவிட்டு வந்தாள். "அந்தத் தாளக் கிழிக்கிற அன்னைக்கு போன் போடுவேன். விரல் வச்சுப் பாத்துச் சொல்லணும் நீ."

சொன்னபடி போட்டாள், காலை ஆறு மணிக்கு. பாப்பா பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தாள். பின்னலைத் தூக்கித் தொட்டுப் பார்த்தேன். வற்றியிருந்தது, மிளகு அளவுக்கு ஒன்று மட்டும் விரலில் பட்டது.

"மிளகு கணக்கா இருக்குக்கா."

"வலிக்காமா?"

"இல்லையாம்."

அந்தப் பக்கம் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் தாள் புரளுகிற சத்தம் மட்டும் கேட்டது.